மருந்துக்கடை பில்லுக்கும் வரி குறையும்

2025-26 நிதியாண்டுக்குப் பழைய வரிமுறையைத் தேர்வு செய்கிறவர்களில் பலர் பி.எப்., எல்.ஐ.சி. ரசீதுகளோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். அப்பா அம்மாவின் மருந்துக்கடை பில் யார் கண்ணிலும் படுவதில்லை.

60 வயது நிறைந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால், அவர்களுடைய மருத்துவத்துக்குப் பிள்ளைகள் செலவழித்ததில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தது மட்டும் செல்லாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கே மாதம் 3,500 ரூபாய் ஆகிற வீட்டில், ஆண்டுச் செலவு 42,000. மகன் 20 சதவீத வரம்பில் இருந்தால், செஸ் உட்பட 8,736 ரூபாய் மிச்சம். இரண்டு மாத மாத்திரைச் செலவு வீடு திரும்பிவிடுகிறது! கடையில் யு.பி.ஐ.யில் கட்டி, பில்லைக் கேட்டு வாங்கி வைத்தால் போதும்.

வீடு வாங்கிய ஆண்டில் கட்டிய முத்திரைத்தாள், பதிவுக் கட்டணங்களும் 80சி பிரிவின் 1.5 லட்சத்துக்குள் வரும். வீட்டுக்கடன் அசலைக் காட்டுகிறவர்களே இதை விட்டுவிடுவது வேடிக்கை.

நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்து வரி எகிறினால், அதற்கும் நிவாரணம் உண்டு. புதிய முறையிலும் கிடைக்கும். ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே படிவம் 10இ-யை ஆன்லைனில் தாக்கல் செய்துவிட வேண்டும்.