மேலே வருவதெல்லாம் மெய்யா? – சிறுத்தையும் கையிலுள்ள போனும்



காட்டு மிருகத்தைப் பற்றிய செய்திக்கும், கொழும்பில் கடை வைத்திருப்பவர் போனில் செய்யும் விளம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஒருநாள் சம்பளமும், சில வேளை ஓர் உயிரும் அதில் தங்கியிருக்கின்றன. எப்படி என்பதுதான் இந்த இதழின் பாடம்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மகன் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறான். மாமா கொட்டாஞ்சேனையில் தங்கி, துறைமுகப் பக்கம் சாமான் ஏற்றி இறக்குகிறார். ஒருநாள் இரவு அம்மா மகனுக்குப் போன் எடுக்கிறார்.

"தம்பி, எட்டாம் நம்பர் மலையில புலி நிக்குதாம்டா. ஆளைக் கடிச்சிருச்சுன்னு போன்ல படம் வந்திருக்கு. நாளைக்கு வேலைக்குப் போறதா, வேணாமா? நீதான் பார்த்துச் சொல்லணும்."

மகன் உடனே போனை எடுத்து 'புலி' என்று தட்டுகிறான். இந்தியாவின் வரிப்புலிகள் வருகின்றன. 2015ஆம் ஆண்டு விஜய் நடித்த 'புலி' படம் வருகிறது. ஆங்கிலத்தில் 'லெப்பர்ட் ஸ்ரீலங்கா' என்று தட்டிப் பார்க்கிறான். யால காட்டில் சிறுத்தை பார்க்கக் கூட்டிப் போகும் ஜீப் பயணங்களும் ஹோட்டல்களும் வரிசையாக வருகின்றன. எட்டாம் நம்பர் மலையைப் பற்றி ஒன்றுமே இல்லை.

"என்னம்மா இது, நான் கேட்டது ஒண்ணு, இது காட்டுறது ஒண்ணா இருக்கே!" என்கிறான். ஏன் அப்படி வந்தது?

தேடும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

கூகுள் போன்ற தேடும் இயந்திரம் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, உலகெங்கும் உள்ள இணையப் பக்கங்களை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே போகிறது. இரண்டாவது, எந்தப் பக்கத்தில் என்ன சொற்கள் உள்ளன என்று பெரிய பேரேடு ஒன்றில் பதிந்து வைக்கிறது. மூன்றாவது, நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் அந்தப் பேரேட்டைப் புரட்டி, பொருத்தமானவை என்று அது கருதும் பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகிறது.

நம்முடைய மனதில் இருப்பது அதற்குத் தெரியாது. நாம் தட்டும் சொல்லைத்தான் அது முக்கியமாகப் பிடித்துக்கொள்கிறது. தோட்டத்தில் நாம் 'புலி' என்று சொல்வது உண்மையில் சிறுத்தை. இலங்கைக் காடுகளில் வரிப்புலி கிடையாது. ஆகவே 'சிறுத்தை' என்று எழுதி, பக்கத்தில் ஊரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தால்தான் நமக்கு வேண்டியது கிடைக்க வழியுண்டு.

முன்கடையும் பின்கடையும்

வெள்ளவத்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். காலி வீதியின் முகப்பில் உள்ள கடைக்கு ஆட்கள் தானாக வருவார்கள். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைக்குள் உள்ள கடையைத் தேடித்தான் போகவேண்டும். அதனால் முகப்புக் கடைக்கு வாடகை அதிகம். ஆனால் முகப்பில் இருப்பதால் மட்டும் அந்தக் கடைச் சரக்கு நல்லதாகிவிடுமா?

தேடல் பக்கமும் இப்படித்தான். அதன் மேல் வரிசையில் சில இடங்கள் விற்பனைக்கு உள்ளன. கூகுள் நிறுவனம் 1998இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் இந்த விளம்பர இடங்களை விற்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்றும் அதன் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்துதான் வருகிறது.

விற்பனை ஏலம் போல நடக்கிறது. ஒரு பயண நிறுவனம், "யாராவது 'யால சிறுத்தை' என்று தேடினால் என் பக்கத்தைக் காட்டுங்கள், ஒருவர் அதைத் தட்டி உள்ளே வந்தால் இவ்வளவு தருவேன்" என்று விலை சொல்கிறது. இன்னொரு நிறுவனம் வேறு விலை சொல்கிறது. சொன்ன விலையையும், விளம்பரம் எவ்வளவு பொருத்தமானது என்பதையும் சேர்த்துப் பார்த்து இயந்திரம் இடம் கொடுக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தட்டலுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் தட்டினால் 5,000 ரூபாய் செலவு. அதில் இரண்டு பேர் ஜீப் பயணத்துக்குப் பணம் கட்டினாலும் நிறுவனத்துக்கு இலாபம் வரலாம். இது சட்டப்படியான வியாபாரம்தான். தவறு என்று சொல்ல முடியாது. விளம்பரத்தின் மேல் 'விளம்பரம்' என்றோ 'ஸ்பொன்சர்ட்' என்றோ சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைக் கவனியாமல் செய்தி என்று நாம் எண்ணிக்கொள்வதுதான் பிழை.

விளம்பரத்துக்குக் கீழே காசு வாங்காமல் காட்டும் பக்கங்கள் வருகின்றன. அங்கும் போட்டி உண்டு. மக்கள் என்ன சொல்லைத் தேடுவார்கள் என்று ஆராய்ந்து, அதே சொல்லைத் தலைப்பில் வைத்து, மற்றப் பக்கங்களிலிருந்து இணைப்பும் வரச்செய்து தங்கள் பக்கத்தை மேலே கொண்டுவருவதையே தொழிலாகச் செய்பவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். இப்போது சில தேடல்களில் இயந்திரமே எழுதிய சுருக்கமும் எல்லாவற்றுக்கும் மேலே வருகிறது. அதிலும் பிழை இருக்கலாம்.

ஒரே சிறுத்தை, இரண்டு செய்தி

இனிச் சிறுத்தையிடம் வருவோம். இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உள்ளினம். முழு வளர்ச்சியடைந்தவை 1,000க்கும் குறைவாகவே உள்ளன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டார் யாலவுக்கு வருகிறார்கள். தேடலில் மேலே நிற்பது அந்தச் சிறுத்தைதான்.

நம் மலைகளில் திரியும் சிறுத்தையின் கதை கீழே கிடக்கிறது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துபோனது. மலையகத்தில் சிறுத்தைகள் சாவதற்கு இந்தக் கம்பிச் சுருக்கு ஒரு முக்கிய காரணம். காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் வைக்கிற சுருக்கில் சிறுத்தையும் மாட்டிக்கொள்கிறது.

இன்னொரு சம்பவம் 2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்தது. ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவரும் அதில் காயமடைந்தார். பிறகு சனங்கள் கூடி அதை அடித்துக் கொன்றார்கள். அதைப் படம்பிடித்துப் போன் வழியாகவும் பரப்பினார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போய், சிலர் கைதானார்கள். சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். அதைக் கொல்வது குற்றம்.

"துரைமாருக்கும் டூரிஸ்ட்டுக்கும் சிறுத்தை அழகுதான், மலையில நிக்கிறது நாங்கதானே?" என்று நீங்கள் கேட்பது நியாயம். நாயை இழந்தவர்கள் உண்டு. தேயிலைக்குள் திடீரென்று எதிர்ப்பட்ட சிறுத்தையால் காயப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பயத்தை யாரும் லேசாக எண்ணக்கூடாது. ஆனால் சிறுத்தை பொதுவாக மனிதரைக் கண்டால் விலகிப் போகும். தப்ப வழியில்லாமல் சுற்றிவளைக்கப்பட்டாலோ, குட்டியோடு இருந்தாலோ, காயப்பட்டிருந்தாலோதான் ஆபத்து மிக அதிகம். பொய்ச் செய்தியை நம்பிக் கூட்டம் கூடுவதுதான் அந்த ஆபத்தை வரவழைக்கிறது.

திகதியைப் பார்ப்பது ஏன்?

கொழும்பிலும் இப்படிப்பட்ட செய்திகள் உண்டு. 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் சுழியோடி ஒருவர் முதலையால் தாக்கப்பட்டு இறந்தார். வெள்ளவத்தைக் கரையில் உள்ளவர்களும் அப்போது பயந்துபோனார்கள். அது உண்மைச் செய்தி. ஆனால் அதே வீடியோவை இன்று ஒருவர் "நேற்று நடந்தது" என்று அனுப்பினால் அது பொய்யாகிவிடுகிறது. படம் மாறவில்லை, திகதிதான் மாறியது.

மறுபக்கமும் உண்டு. 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து ஜூன் மாதம் மூழ்கியது. ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்து கரையெல்லாம் ஒதுங்கின. ஆமைகளும் டொல்பின்களும் செத்துக் கரை சேர்ந்தன. மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்த மாமா போன்றவர்கள் புகையைக் கண்ணால் கண்டிருப்பார்கள். சில வாரம் எல்லாத் தேடலிலும் அது மேலே நின்றது. பிறகு கீழே போய்விட்டது. ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பார் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேடலில் ஒரு விஷயம் கீழே போனதால் அது முடிந்துபோனது என்று எண்ணக்கூடாது.

நாம் செய்யவேண்டியவை

1. மேலே 'விளம்பரம்' அல்லது 'ஸ்பொன்சர்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அவர் எதையோ விற்கிறார் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

2. பொதுச் சொல்லை மட்டும் தட்டாதீர்கள். 'சிறுத்தை' என்பதோடு ஊர், மாதம், ஆண்டு ஆகியவற்றையும் சேருங்கள்.

3. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பாருங்கள். ஊரும் திகதியும் இல்லாத படத்தை வேறொருவருக்கு அனுப்பாதீர்கள்.

4. ஒரே செய்தி இரண்டு பத்திரிகைகளிலாவது, அல்லது திணைக்கள அறிவித்தலிலாவது இருக்கிறதா பாருங்கள்.

5. சிறுத்தையை நேரில் கண்டால் சூழ்ந்துகொள்ளாதீர்கள். அது போக வழி விட்டு, முதுகு காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கங்காணிக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் சொல்லி, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

6. விடியற்காலையில் தனியாகப் போகாமல், சத்தம் போட்டுக்கொண்டு கூட்டமாகப் போங்கள். இரவில் நாயை உள்ளே கட்டுங்கள். லயத்தைச் சுற்றிக் குப்பை சேரவிடாதீர்கள். குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.

7. மழைக்காலத்தில் மண்சரிவுச் செய்திக்கும் இதே விதிதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை நம்புங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஆனால் தரை வெடிப்பதைக் கண்ணால் கண்டால் போனைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வெளியேறுங்கள்.

நம் மொழியில் யார் எழுதுவது?

ஒன்றை மறக்கக்கூடாது. இயந்திரம் தன் பேரேட்டில் உள்ளதைத்தான் எடுத்துத் தரும். மலைநாட்டுச் சிறுத்தையைப் பற்றியும் கம்பிச் சுருக்கைப் பற்றியும் ஆங்கிலத்தில் நிறைய உண்டு, தமிழில் குறைவு. விற்பவர்கள் செய்கிற வேலையை நாமும் நல்லதுக்குச் செய்யலாம். பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, திகதி போட்டு, கண்டதை உள்ளபடி தமிழில் எழுதிப் பாடசாலைப் பக்கத்தில் போட்டால், நாளை வேறொரு தாய் தேடும்போது அது கிடைக்கும். ஆனால் சிறுத்தை தங்கும் சரியான இடத்தை எழுதவேண்டாம். சுருக்கு வைப்பவனும் தேடுவான்.

சரி, வெள்ளவத்தை மகன் என்ன செய்தான்? 'சிறுத்தை' என்று எழுதி ஊரையும் ஆண்டையும் சேர்த்துத் திரும்பத் தேடினான். அந்தப் படம் பல வருஷத்துக்கு முன் வேறொரு நாட்டில் எடுத்தது என்று கண்டுபிடித்தான். அம்மாவுக்குப் போன் எடுத்தான்.

"அம்மா, அந்தப் படம் பழசு. நம்ம நாடே இல்ல. ஆனா எட்டாம் நம்பர் மலையில ஒண்ணுமில்லேன்னு நான் இங்க இருந்து சொல்ல ஏலாது. அது போனுக்கும் தெரியாது. கங்காணி ஐயாகிட்ட சொல்லி முதல்ல கால்தடம் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. கூட்டமா மட்டும் போகாதீங்க, 1992க்குச் சொல்லுங்க."

போன் சொல்லக்கூடியது எது, மலையில் நிற்பவர் பார்த்துச் சொல்லவேண்டியது எது என்று அவன் பிரித்துப் பார்த்தான். இந்தப் பாடத்தில் நாம் கற்கவேண்டியதும் அதுதான்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. கடைசியாக உங்களுக்கு வந்த மிருகப் படத்தில் ஊரும் திகதியும் இருந்தனவா?

2. 'யால' என்று தேடிப் பாருங்கள். முதல் ஐந்து வரிகளில் எத்தனை விளம்பரம், எத்தனை செய்தி?

3. உங்கள் தோட்டத்தில் சுருக்கு வைப்பதை நிறுத்த, தலைவர்மாரும் பெற்றோரும் சேர்ந்து என்ன செய்யலாம்?