வேலிக்கு அப்பாலும் துறைமுகம்தான்

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணூர் துறைமுகத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் நீ வேலைக்குச் சேர்ந்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன். அளவுக் கருவிகளையும் படிவங்களையும் அலுவலகமே கற்றுத்தரும். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: துறைமுகத்தால் வரும் கெடுதல் பெரும்பாலும் அதன் வேலிக்கு வெளியே போய்த்தான் விழுகிறது. அங்கே போய்ப் பார்.

சென்னைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அதன் அலைதடுப்புச் சுவர் மறித்தது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் அரித்தது. கரித்தூசி வழக்கில் உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவால் 2011இல் அதே துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. அந்த நிலக்கரி உன் துறைமுகத்துக்குத்தான் வந்தது. கன்வேயர் மூடியிருக்கிறதா, குவியலில் தண்ணீர் தெளிக்கிறார்களா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதே. காற்று வீசும் திசையிலுள்ள குப்பத்தில், கொடியில் காயும் துணியையும் தொட்டுப் பார்.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசியவில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. பிறகு கரை கறுத்தது. கப்பல் எரிபொருளான பங்கர் எண்ணெய் கடல்நீரோடு குழைந்தால் தார்போல் கெட்டிப்பட்டுவிடும். பம்பும் குழாயும் அடைத்துக்கொள்ளும். அதனால் மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினார்கள். ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் அது. விபத்து நேர்ந்தால் "பாதிப்பு இல்லை" என்று எழுதச் சொல்லி உன்னையும் அவசரப்படுத்துவார்கள். கடலைப் பார்க்காமல் அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போடாதே. மிதவைத் தடுப்பை உடனே இறக்கச் சொல். கசிவு இல்லை என்று உறுதியான பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பேலஸ்ட் நீரிலும் கண் வை. சரக்கேற்ற வரும் கப்பல், தள்ளாடாமலிருக்க வேறொரு துறைமுகத்தில் நிரப்பிய நீரை இங்கே இறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அதோடு இறங்கும். தென் அமெரிக்க மட்டி ஒன்று கொசஸ்தலையாற்றுப் படுகையில் படர்ந்து, இறால் வாழும் சேற்றை மூடிவருகிறது. கப்பல் வழியே வந்ததாகக் கருதப்படும் அதை மீனவர்கள் 'காக்கா ஆழி' என்கிறார்கள். ஆற்றில் இறங்கி இறால் பிடிப்பவர்களின் முறையீட்டால்தான் அது வெளியே பேசப்பட்டது.

ஆகவே படகுகள் கரை திரும்பும் வேளையில் அடிக்கடி மீனவர்களிடம் போ. உன் தொலைபேசி எண் அவர்களிடம் இருக்கட்டும். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு உன் அறிக்கையில் சேர். அதிகாரிகள் முகம் சுளித்தாலும் நீக்காதே. கப்பல்களால் பலருக்குப் பிழைப்பு நடக்கிறது, உண்மைதான். அதற்காக ஆற்றையும் கடலையும் நம்பியவர்கள் பிழைப்பை இழக்கக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்ளத்தான் உன் பதவி.

அன்புடன்,
உன் அண்ணன்