வாங்குபவரின் சீசனுக்கு முன்பே நம் வேலை முடிய வேண்டும்

ஊர் உலகம் ஒரே நாளில் வெடித்துத் தீர்க்கும் பட்டாசை, சிவகாசிக்கு அருகே உள்ள எங்கள் தாயில்பட்டி வட்டாரம் ஆண்டு முழுவதும் செய்கிறது. தீபாவளிக்குப் பிறகு கொஞ்ச நாள் விடுமுறை. அதன்பின் பூஜை போட்டு அடுத்த தீபாவளிக்கான வேலை ஆரம்பமாகிவிடும். நான் பட்டாசு வேலைக்குப் போகிறவள் இல்லை. மொய் கவர், தாம்பூலப் பை, வாழ்த்து அட்டை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று காகிதத்தில் வரைந்து, வெட்டி, ஒட்டி விற்கிறேன். ஆனாலும் சீசன் வியாபாரத்தை நான் படித்தது பட்டாசையும் காலண்டரையும் பார்த்துத்தான். தனியாகத் தொழில் செய்யும் கைவினைக்காரர்களுக்கும் ஓவியர்களுக்கும் உதவும் என்று நான் நம்புகிறவற்றை இங்கே சொல்கிறேன்.

ஆடியிலேயே ஆல்பம் தயாராகட்டும்

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் பட்டாசு விற்பனையைத் தொடங்குவார்கள். அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பமும் அந்த நாளில்தான் வெளிவரும். ஜனவரியில் சுவரில் தொங்கப்போகும் காலண்டருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே மாதிரி காட்டி ஆர்டர் எடுக்கிறார்கள். முதலில் மாதிரி, பிறகு ஆர்டர், அதன்பிறகே அச்சு. நம்மைப் போன்ற சிறு ஆட்களுக்கு இந்த வரிசைதான் பாதுகாப்பு. ஒவ்வொரு டிசைனிலும் ஒரே ஒரு மாதிரி செய்து, விலை, குறைந்தபட்ச எண்ணிக்கை, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற விவரத்தோடு ஆல்பமாக வைத்திருக்கிறேன். அதைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் புதியவர்களுக்குக் காட்டுவேன். பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் அந்த ஆர்டருக்கான காகிதம் வாங்குவேன்.

பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

2024-இல் தீபாவளி அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. "போன வருஷம் இந்தத் தேதியில்தானே ஆரம்பித்தோம்" என்ற கணக்கு ஏறக்குறைய மூன்று வாரம் தவறிவிடும். தை மாதமே பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த ஆண்டின் பண்டிகைத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொடுக்கும் சரக்கு, பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே போய்விட வேண்டும் என்பது என் விதி. 2026 தீபாவளிக்கு அது செப்டம்பர் 27. அதற்கு மேல் வரும் மொத்த ஆர்டரை ஏற்பதில்லை. கையிருப்பில் உள்ளதை மட்டும் கொடுக்கிறேன்.

இதற்கு மழையும் ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபரில் தொடங்கிவிடும். ஈரக்காற்றில் பசை காயாது, அட்டை வளைந்துகொள்ளும், வண்ணம் ஒட்டிக்கொள்ளும். தீபாவளிக்காக ஒட்டுகிற வேலை ஆவணிக்குள் முடிந்தால் நிம்மதி.

மற்றவர்களின் சீசனையும் பாருங்கள்

நம் சீசனை மட்டும் பார்த்தால் போதாது. ஆடியிலிருந்து டிசம்பர் வரை சிவகாசி அச்சகங்களில் பட்டாசு லேபிளும் காலண்டரும் டைரியும் ஓடும். அந்த நேரத்தில் சிறிய டை கட்டிங் வேலையைக் கொண்டுபோனால், பெரிய வேலைக்கு நடுவே அது காத்துத்தான் கிடக்கும். பொங்கல் முடிந்ததும் போனால் அதே அச்சகத்தில் நின்று பேச நேரம் கிடைக்கும். அச்சு மீதி அட்டையும் நல்ல விலைக்குக் கிடைக்கும். வருடம் முழுவதும் ஓடும் பொதுவான பொருள்களுக்கு வேண்டிய வெட்டு வேலையை நான் மாசிக்குள் முடித்துக்கொள்கிறேன்.

ஆள் விஷயமும் அப்படித்தான். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆலைகளுக்குப் போகும் அக்காமார்களுக்கு நம் வேலைக்கு நேரம் இருக்காது. தீபாவளி விடுமுறையில் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் தை முகூர்த்தத்துக்கான பைகளும் அப்போது அவர்கள் கையால்தான் உருவாகின்றன.

ஒரே பண்டிகையை நம்பாதீர்கள்

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்றும் சொன்னது. ஒரே நாளை நம்பியிருந்த எங்கள் பகுதி அதில் எவ்வளவு தவித்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் பொம்மை செய்பவர்களைப் பாருங்கள்: விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை. மண் ஒன்றுதான், கைப்பழக்கம் ஒன்றுதான். மாதத்துக்கு ஏற்ப உருவம் மாறுகிறது.

என் கணக்கும் அதுதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. அந்த மாதங்களில் மொய் கவர் ஓடாது. ஆடியை ஆல்பத்துக்கும், புரட்டாசியைக் கொலு, தீபாவளி விற்பனைக்கும், மார்கழியைக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் ஒதுக்கினால் வருடத்தில் வெற்று மாதம் என்று ஒன்று இருக்காது.

ஆண்டு எண் போடாதீர்கள்

ஜனவரி கடந்த காலண்டருக்கு விலை குறைந்துகொண்டே போகும். ஆண்டு எண் இல்லாத மொய் கவர் அடுத்த முகூர்த்தத்துக்கும் அப்படியே போகும். "தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று அச்சிட்ட பை பண்டிகை மறுநாள் மிச்சம்; கோலமும் விளக்கும் மட்டும் வரைந்த பை கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் ஆகும். பண்டிகைப் பெயர் தேவைப்பட்டால் ஒட்டும் லேபிளில் போடுங்கள். ஆர்டர் கொடுத்தவருக்கு மட்டும் ஆண்டும் பெயரும் அச்சிடுங்கள்.

இதோடு, தீபாவளி முடிந்த வாரத்தில் எது விற்றது, எது நின்றது, யார் கடைசி நேரத்தில் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நினைவு பசுமையாக இருக்கும்போது எழுதுவது அடுத்த ஆல்பத்துக்கு முதல் பக்கம்.

எங்கள் பகுதிப் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூடுதல் வருமானத்துக்காக அனுமதியில்லாமல் வீட்டில் பட்டாசு வேலை செய்து உயிரிழந்தவர்கள் இங்கே உண்டு. வீட்டிலிருந்தே உழைக்க வேண்டுமென்றால் காகிதம், துணி, மண், ஓலை என்று வழிகள் இருக்கின்றன. காகிதப் பொருளை ஆன்லைனில் விற்கலாம், தபாலில் அனுப்பலாம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பயமில்லாமல் அடுக்கி வைக்கலாம். வருகிற தை மாதம் ஒரு பஞ்சாங்கமும் ஒரு நோட்டும் எடுத்து உட்காருங்கள். உங்கள் கைத்தொழிலுக்கான முதல் முதலீடு அதுவாகவே இருக்கட்டும்.