மந்திரியும் கடனும்: இராஜாஜியின் பொதுவாழ்விலிருந்து ஒரு பாடம்



சங்கங்களைப் பார்வையிடுவதற்காகத் திருச்செங்கோடு, இராசிபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு நாம் செல்லும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "மந்திரி ஒரு கையெழுத்துப் போட்டால் எங்கள் கடன் தீர்ந்துவிடாதா?" என்பதே அது. கேட்பவர், மழை பொய்த்துப் பயிர் இழந்த விவசாயியாகவோ நூல் விலை ஏறித் தறியை நிறுத்திய நெசவாளராகவோ இருப்பார். ஆகவே அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மந்திரி ஒருவரால் ஆகக்கூடியது எது, அதன் செலவு யாரைச் சேர்கின்றது என்பவற்றை, நம் மாவட்டத்திலிருந்தே மந்திரியான ஒருவரின் வாழ்வைக் கொண்டு இம்மாதம் ஆராய்வோம். அவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்.

நகரசபையும் ஆசிரமமும்

இராஜாஜி 1878 டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் யாவும் அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1900-ல் அவர் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். வரி கொடுத்தவர் மறுநாள் தெருவில் எதிர்ப்பட்டு, "என் பணம் என்னவாயிற்று?" என்று கேட்கக்கூடிய பதவி அது. சங்கத் தலைவர் பதவியும் அத்தகையதே.

பின்னர் ஒத்துழையாமை இயக்கத்தின்போது நல்ல வருமானம் தந்த தொழிலைத் துறந்தார். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவப்பட்டது. அங்கே குடும்பத்துடன் தங்கி, நூற்பும் கதர் நெசவும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்குப் பிரசாரமும் நடத்தினார். கூலிப் பணம் கள்ளுக்கடைக்கும் வட்டிக்கும் போய்ச் சேர்வதை அருகிலிருந்து கண்ட ஆண்டுகள் அவை.

1937-ஆம் ஆண்டு மந்திரிசபை

1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதம மந்திரியாகப் பதவியேற்றார். மாகாண முதல்வரை அக்காலத்தில் அவ்வாறே அழைத்தனர். நிதி இலாகாவையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். அம்மந்திரிசபையில் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயனும் இடம்பெற்றார். அவர் 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதன் மந்திரியாக இருந்தவர்.

அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. மாகாணத்தில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது நம் மாவட்டமே. ஆயினும் கள், சாராய வரி அக்காலத்தில் சர்க்காருக்குப் பெரிய வருவாய். அது குறைந்தால் பள்ளிக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும்? இக்கேள்விக்கு விடையாக 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. கடைக்காரர்கள் பலமாக எதிர்த்தனர். பஞ்சு, பஞ்சு நூல் ஆகியவற்றின் விற்பனைக்கும், கைத்தறித் துணியை மட்டுமே விற்போருக்கும் அவ்வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதை நெசவாளர்கள் குறித்துக்கொள்க. ஓரிடத்தில் வரவை விட்டவர், அதை வேறெங்கே பெறுவது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிப் பழியை ஏற்றார்.

கடன் நிவாரணச் சட்டம்

1938 மார்ச்சில் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

ஒரு விவசாயி 1930 அக்டோபரில் நூறு ரூபாய், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கினார் என்க. ஏழாண்டில் வட்டி மட்டும் 84 ரூபாய். 1932 அக்டோபர் 1-க்கு முந்திய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையாக நின்ற வட்டி முழுவதும் தள்ளப்பட்டது. அசல் மட்டுமே கொடுத்தால் போதும். அசலும் வட்டியுமாக அவர் முன்னரே 200 ரூபாய் கட்டியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்தது. 150 ரூபாய் கட்டியிருந்தால் மிச்சம் 50 ரூபாய்க்கு மேல் கேட்க இயலாது. பிந்திய கடன்களுக்குச் சட்டம் அமுலுக்கு வந்த நாள்வரை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதமே வட்டி கணக்கிடப்பட்டது. அதன்பின் ரூபாய்க்கு மாதம் ஒரு பை, அதாவது நூற்றுக்கு ஆறேகால். ரூபாய்க்கு 192 பை என்று கணக்கிட்டால் இது விளங்கும்.

இச்சட்டத்தில் நாம் மறவாமல் படிக்க வேண்டிய பிரிவு ஒன்றுண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நில அடமான பாங்குகளுக்கும் சேரவேண்டிய கடன்களை இச்சட்டம் தொடவில்லை. விவசாயியின்பால் இரக்கம் கொண்டு இயற்றிய சட்டத்தில் இவ்விலக்கு ஏன்? லேவாதேவிக்காரரின் நூறு ரூபாய் அவருடைய சொந்தப் பணம். பல ஆண்டு வட்டியில் அதை அவர் மீட்டிருக்கவும் கூடும். சங்கத்தின் நூறு ரூபாயோ அங்கத்தினரின் பங்குத் தொகை, பக்கத்து வீட்டாரின் டிபாசிட், மத்திய கூட்டுறவு பாங்கில் பெற்ற கடன் ஆகியவை சேர்ந்தது. அதைத் தள்ளினால் நஷ்டம் அடுத்த பருவத்தில் கடன் கேட்டு வருபவரின் தலையில் விழும்.

பிற்காலப் பதவிகள்

1939 அக்டோபரில் மந்திரிசபை விலகியது. 1948 முதல் 1950 வரை இராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், பின்னர் மத்திய உள்துறை மந்திரியாகவும் விளங்கினார். 1952 ஏப்ரலில் சென்னை இராஜ்யத்தின் முதன்மந்திரியானார். அப்போது கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பசித்திருந்தனர். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று மத்திய சர்க்காரை அவர் வற்புறுத்தினார். 1953-ல் மத்திய சட்டமொன்று மில் துணிக்குக் கெஜத்திற்கு மூன்று பை வரி விதித்து, கைத்தறிக்கும் கதருக்கும் நிதி திரட்டியது. இங்கும் உதவிக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் மில் துணி வாங்கியவர்.

அவர் செய்தவை யாவும் மக்களுக்கு உவப்பாய் இருக்கவில்லை. 1938-ல் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்ட இந்தியும், 1953-ன் அரைநாள் பள்ளித் திட்டமும் கடும் எதிர்ப்பைக் கண்டன. 1954-ல் அவர் பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் அப்பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். மந்திரியைக் கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டென்பதை இதுவும் காட்டுகின்றது. இராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் காலமானார்.

நாம் அறியவேண்டியது

2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் 16.43 இலட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அத்தொகையைச் சங்கங்களுக்கு ஈடுசெய்யும் பொறுப்பு அரசாங்கக் கஜானாவைச் சேர்ந்தது. எனவே முதலில் எழுந்த கேள்விக்கு விடை இதுவே: மந்திரியின் கையெழுத்தால் கடன் தள்ளப்படலாம், ஆனால் அது கொடுப்பவர் பெயரை மாற்றுமேயன்றி மறைவதில்லை. துன்பம் பெரிதாகும்போது நிவாரணம் கேட்பது நியாயமே. கேட்கும்போது, ஈட்டுத் தொகை நம் சங்கத்துக்கு எப்போது வரும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தள்ளுபடி வரும் என்று காத்து, கட்டக்கூடியவரும் தவணையைத் தவறவிடுவது தம் சங்கத்தைத் தாமே நலியச் செய்வதாகும்.

மாதக் கூட்டத்தில் விவாதிக்க:

1. நம் சங்கத்தின் கடன் தொகையில் பங்குத் தொகை எவ்வளவு, டிபாசிட் எவ்வளவு, வெளிக்கடன் எவ்வளவு?
2. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுறவுக் கடன்களையும் தொட்டிருந்தால் சங்கங்களின் நிலை யாதாகியிருக்கும்?
3. தவணை தவறியவர்களுள் உண்மையாகவே இயலாதவர் யாவர்? அவர்களுக்குச் சங்கம் எவ்வாறு அவகாசம் அளிக்கலாம்?