கீழிறங்கிய கதவு: பெரியவர்களிடம் காணும் ஓர் அரிய பிறவி இதயக் குறைபாடு



தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். இதய வால்வை அங்கு 'இஞ்சாப்' என்றே படித்தேன். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொல்லத் தெரியாமல் மருத்துவமனையில் திணறிய நாள்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

என் அத்தை செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். சிறு வயது முதலே அவருக்கு மூச்சு வாங்கும். மற்றவர்களுக்கு ஈடாக நடக்க முடியாது. வீட்டில் 'சோம்பேறி' என்றார்கள். கிளினிக்கில் 'கேஸ்திரிக்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 43 வயதில் ஒரு நாள், நெஞ்சுப் படபடப்பு அடங்காமல் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். அதன் பிறகு எடுத்த 'எக்கோ' எனும் ஒலியலைப் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது. அவருக்கு இருந்தது எப்ஸ்டைன் குறைபாடு.

வால்வின் வேலை

நம் இதயத்தில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. வால்வு என்பது ஒருபுறம் மட்டுமே திறக்கும் கதவு. இரத்தத்தை முன்னே விடும். பின்னே வர விடாது. வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவே இருப்பது மூவிதழ் வால்வு. அதன் மூன்று மெல்லிய இதழ்களும் சேர்ந்து மூடினால்தான் இரத்தம் திரும்பாமல் நுரையீரலுக்குச் செல்லும்.

குறைபாடு என்ன?

தாயின் வயிற்றில் இதயம் உருவாகும்போது, இவ்விதழ்கள் கீழறையின் சுவரிலிருந்து பிரிந்து வர வேண்டும். எப்ஸ்டைன் குறைபாட்டில் சில இதழ்கள் சரியாகப் பிரிவதில்லை. அதனால் கதவு இருக்க வேண்டிய நிலையில் இல்லாமல் கீழே இறங்கிவிடுகிறது. கீழறையின் ஒரு பகுதி மேலறையோடு சேர்ந்துவிடுகிறது. எஞ்சிய சிறிய கீழறைதான் இரத்தத்தை இறைக்க வேண்டும். இதழ்களும் ஒன்றோடொன்று சேராததால் இரத்தம் பின்னோக்கிக் கசிந்து, மேலறை வீங்குகிறது.

1866ஆம் ஆண்டில், அன்று பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில், 19 வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்த பின் அவரது இதயத்தை ஆராய்ந்த மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் இதனை முதன்முதலில் விவரித்தார். பிறவி இதய நோய்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது.

ஏன் இவ்வளவு தாமதம்?

இதழ் சிறிதளவே இறங்கியிருந்தால் பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தெரியாது. வயது ஏற ஏறக் கசிவின் சுமையை இதயத்தால் தாங்க முடிவதில்லை. அப்போது தோன்றும் அறிகுறிகள்:

1. வேலை செய்யும்போது மூச்சிரைப்பும் களைப்பும்.
2. திடீர்ப் படபடப்பு. பிறவியிலேயே அமைந்த கூடுதல் மின்பாதை பலருக்கு இதற்குக் காரணமாகிறது.
3. உதடும் நகமும் நீலம் பாய்தல். மேலறைகளுக்கு இடையே துளை இருந்தால், பிராணவாயு குறைந்த இரத்தம் இடப்புறம் கலந்துவிடும். அவ்வழியே இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதமும் வரலாம்.
4. கால் வீக்கம்.

கண்டறிதலும் சிகிச்சையும்

எக்கோவில் இதழ் எவ்வளவு இறங்கியுள்ளது என்று அளக்கிறார்கள். உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 8 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால், அது எப்ஸ்டைன் என உறுதியாகிறது.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. சிலருக்கு மருந்தும் தொடர் கண்காணிப்பும் போதும். கூடுதல் மின்பாதையை, இரத்தக்குழாய் வழியே செலுத்தும் கம்பியால் சுட்டு அழிக்கலாம். கசிவு கடுமையானால் வால்வைச் சீரமைப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். பிரேசில் நாட்டு அறுவை மருத்துவர் ஜோஸே பெட்ரோ ட சில்வா, இதழ்களைச் சுவரிலிருந்து பிரித்துக் கூம்பு வடிவில் தைக்கும் முறையை 1993இல் தொடங்கினார். நோயாளியின் சொந்த இதழ்களே மீண்டும் கதவாகின்றன என்பது இதன் சிறப்பு.

அன்று மருத்துவர் மலாயில் விளக்கி முடித்ததும், "என்னாம்மா சொல்றாங்க?" என்று அத்தை என்னைப் பார்த்தார். சொல் கிடைக்காமல் கடைசியில், "அத்தை, உங்க நெஞ்சுல ஒரு கதவு பொறக்கும்போதே கீழ எறங்கிப் போச்சு. அதான் மூச்சு வாங்குது" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் சோம்பேறி இல்லையாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் எனக்குப் பதில் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது கூடுதல் மின்பாதை அகற்றப்பட்டு, படபடப்பு இல்லாமல் இருக்கிறார். கசிவை ஆண்டுதோறும் பரிசோதிக்கிறார்கள்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் படியேறினால் மூச்சு வாங்கும் ஒருவர் இருக்கலாம். காரணம் தெரியும் முன்னே அவருக்குப் பட்டம் சூட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடன் அமர்ந்து, அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். நாம் கற்ற தமிழுக்கு இதைவிட நல்ல பயன் வேறில்லை.