மலை இறங்கும் முன் பிரேக்கைக் கவனியுங்கள்!

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ எப்படி இறங்கினாலும், மணிக்கணக்கில் பிரேக்குக்குத்தான் வேலை. புதிதாக பைக் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

● ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்து உருட்டுவதும் கூடவே கூடாது.

● பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கையையும் காலையும் எடுத்துவிடுங்கள்.

● பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதித்து, லீவர் 'பொதபொத'வென்று உள்ளே போகும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 3, டாட் 4 என வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் போட்டிருப்பதையே ஊற்றுங்கள்.

● செயினுக்கு ஆயில் அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள். பிரேக் பேடில் ஆயில் ஊறிவிட்டால் மாற்றுவதே நல்லது.

● புது பேடு போட்ட கையோடு மலையேறாதீர்கள். சமவெளியில் சில நாள் மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டினால்தான் பேடு டிஸ்க்கில் சரியாகப் படியும்.

● மழையிலோ மூடுபனியிலோ டிஸ்க் நனைந்திருந்தால், இறக்கத்துக்கு முன் லேசாக இரண்டு முறை பிடித்து உலர்த்துங்கள்.

● தீய்ந்த வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.