ஆலோசகரின் முதல் வேலையைக் கேளுங்கள்

ஜொகூரின் லாயாங் லாயாங்கிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் சிலர், விடுமுறைக்கு வரும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "தாத்தா, வட துருவத்தைப் பற்றி அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் ஆலோசனை சொல்கிறார்களே, அந்த இடத்துக்கு வர என்ன படிக்க வேண்டும்?" நான் பாசிர் கூடாங்கில் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவன். நம் சுற்றுவட்டாரச் செம்பனை எண்ணெய் எந்தக் கப்பலில் ஏறும், எந்த வழியாகப் போகும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. கடல்வழி மாறினால் யாருடைய சோறு குறையும் என்ற கவலையில்தான் ஆர்க்டிக் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் வளர்ந்த பிள்ளைகள் துருவத்தைப் பற்றிக் கேட்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் வேறொரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆர்க்டிக் ஆலோசகராகவே வாழ்க்கையைத் தொடங்கியவர் என்று எவரையும் நான் படித்ததில்லை. அமெரிக்காவின் ஆர்க்டிக் சிறப்புப் பிரதிநிதியாக 2014-இல் அமர்ந்த ராபர்ட் பாப், கடலோரக் காவல்படையின் தலைவராக இருந்தவர். அந்நாட்டு ஆர்க்டிக் ஆய்வு ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரான் அல்மர் வழக்கறிஞர். அலாஸ்காவின் துணை ஆளுநராகவும் இருந்தவர். 2013-இல் 'ஆர்க்டிக் சர்க்கிள்' மாநாட்டைத் தொடங்கிய ஐஸ்லாந்து அதிபர் ஒலாஃபூர் ரக்னார் கிரிம்சன் அரசியல் அறிவியல் பேராசிரியர். 2007-இல் வட துருவக் கடலடியில் ரஷ்யக் கொடியை நட்ட ஆர்த்தர் சிலிங்கரோவ் கடலியலாளர்.

நம்மவர் ஒருவரைச் சொல்கிறேன். முத்தழகு ரவிச்சந்திரன். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையத்தில் ஆர்கோ மிதவைத் திட்டத்தை நடத்தியவர். ஆர்கோ மிதவை ஆள் இல்லாமல் கடலில் மிதந்து போகும். பத்து நாளைக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, ஏறி வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். உலகக் கடல்களில் இப்படி ஏறத்தாழ 4,000 மிதவைகள் இருக்கின்றன. அந்தக் கணக்குகளோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர், பிறகு கோவாவில் உள்ள தேசிய துருவ ஆய்வு மையத்தின் இயக்குநர் ஆனார். 2021-இல் இந்தியப் புவி அறிவியல் அமைச்சின் செயலாளர் ஆனார். 2022 மார்ச்சில் இந்தியாவின் ஆர்க்டிக் கொள்கை வெளியானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். கொள்கை அவர் ஒருவரின் கைவேலை என்று சொல்ல வரவில்லை. 2021 தொடக்கத்திலேயே வரைவு மக்கள் கருத்துக்கு வந்திருந்தது. பல அமைச்சுகளின் கை அதில் உண்டு. ஆனால் அந்தக் கொள்கையின் ஆறு தூண்களில் முதல் தூண் அறிவியல் ஆய்வு. பொருளாதாரம் மூன்றாவதாகத்தான் வருகிறது. துருவப் பனிக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஒரு நாட்டுக்கு, கடலை அளந்து பழகியவர்கள் மேல்மட்டத்தில் இருப்பது பெரிய பலம் என்று நான் நம்புகிறேன்.

2. ஆலோசகர் எந்த வேலையிலிருந்து வந்தார் என்பதை வைத்து அவர் சொல்லை நிறுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஒரே ரப்பர் மரத்தைப் பால் வெட்டுகிறவர் பட்டையாகப் பார்ப்பார், கிராணி கிலோவாகப் பார்ப்பார், மேனேஜர் மறுநடவு வருஷமாகப் பார்ப்பார். மூவரும் பொய் சொல்வதில்லை.

நோர்வே கப்பல் முதலாளி ஃபெலிக்ஸ் சூடி, 2010-இல் 'நோர்டிக் பேரன்ட்ஸ்' என்ற கப்பலில் கிர்க்கனெஸ் இரும்புத்தாதுவை ரஷ்யாவின் வடகடல் வழியாகச் சீனாவுக்கு அனுப்ப முன்னின்றவர். ரஷ்யாவின் நோவாடெக் நிறுவனத் தலைவர் லியோனிட் மிக்கெல்சன் குழாய்ப்பாதை போட்டு வளர்ந்த கட்டுமானப் பொறியாளர். அவருடைய யமால் திட்டத்தின் முதல் திரவ எரிவாயு 2017 டிசம்பரில் கப்பல் ஏறியது. இப்படிப்பட்டவர்கள் வடகடல் வழியைப் பற்றிப் பேசினால் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் அவர்கள் செய்து பார்த்தவர்கள். அந்த வழி பெருகினால் அவர்களுக்கு வருமானம் என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.

பிறகு கணக்கை நீங்களே போடுங்கள். யோகோஹாமாவிலிருந்து ரோட்டர்டாமுக்கு வடகடல் வழி, சூயஸ் வழியைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மேடையில் எப்போதும் இந்த எண்தான் வரும். சிங்கப்பூரிலிருந்தோ நம் தஞ்சோங் பெலேபாஸிலிருந்தோ புறப்பட்டால் சூயஸ்தான் கிட்ட. 2000-இல் சிங்கப்பூரை விட்டுத் தஞ்சோங் பெலேபாஸுக்கு வந்த மெர்ஸ்க் நிறுவனமே, 2018-இல் 'வெந்தா மெர்ஸ்க்' என்ற கொள்கலன் கப்பலை வடகடல் வழியே ஓட்டிப் பார்த்தது. ஓட்டி முடித்தபின், இப்போதுள்ள தன் வழிகளுக்கு மாற்றாக அதைக் கருதவில்லை என்றுதான் சொன்னது. மலாக்கா நீரிணையின் காலம் முடிந்தது என்று எவராவது சொன்னால், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்கு என்று முதலில் கேளுங்கள்.

3. ஒருவர் நாற்காலி மாறிய தேதிகளைக் குறித்து வையுங்கள்.

ரெக்ஸ் டில்லர்சன் பொறியாளர். எக்ஸான் மோபில் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்து அதன் தலைவரானவர். அவர் தலைமையில் அந்நிறுவனம் 2011-இல் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டோடு காரா கடலில் எண்ணெய் தேட ஒப்பந்தம் போட்டது. 2014-இல் அங்கே துளையும் போட்டது. 2017 மே மாதம் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் எட்டு ஆர்க்டிக் நாடுகள் சேர்ந்த ஆர்க்டிக் மன்றத்தின் அமைச்சர் கூட்டம் கூடியபோது, அமெரிக்க வெளியுறவு அமைச்சராகத் தலைமை நாற்காலியில் இருந்தவர் அதே டில்லர்சன். இதை நான் குற்றச்சாட்டாக எழுதவில்லை. கடலடியில் துளை போடுவது எவ்வளவு கடினம் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாக அறிந்தவர் குறைவு. ஆனாலும் குடிமக்களாகிய நமக்கு இந்த மூன்று ஆண்டுகளும் வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். 'முன்னாள் அமைச்சர்' என்றோ 'மூத்த ஆலோசகர்' என்றோ அறிமுகம் நின்றுவிட்டால், அதற்கு முன்னால் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்று தேடிப் பாருங்கள்.

4. சட்டம் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது.

ஆர்க்டிக் பெரும்பாலும் கடல். அதனால் அங்கே நடக்கும் வழக்குகளுக்கு அடிப்படை 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை. அதன் 234-ஆம் பிரிவு, பனி மூடிய கடலில் கரை நாடு 200 கடல் மைல்வரை மாசுத் தடுப்புக்குக் கூடுதல் கட்டுப்பாடு விதிக்க இடம் தருகிறது. கனடாவும் ரஷ்யாவும் இன்றும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகின்றன. அந்த உடன்படிக்கையை உருவாக்கிய மாநாட்டின் தலைவராக முதலில் இருந்தவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. அவர் 1980-இல் இறந்தபின் முடித்துவைத்தவர் சிங்கப்பூரின் டோமி கோ, சட்டப் பேராசிரியர். சிங்கப்பூர்க் குழுவில் எஸ். ஜெயக்குமார் இருந்தார். தமிழர், சட்டத்துறைத் தலைவராகப் பாடம் நடத்தியவர், பின்னாளில் வெளியுறவு அமைச்சர்.

டோமி கோவும் ஜெயக்குமாரும் பின்னர் பத்து பூத்தே தீவு வழக்கில் நமக்கு எதிரணியில் நின்றார்கள். 2008 மே 23-இல் அனைத்துலக நீதிமன்றம் அத்தீவைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. ஜொகூர்க்காரர்களுக்கு அது இன்றும் உறுத்துகிறது. தீர்ப்பில் அதிக எடை பெற்றது ஒரு கடிதம். 1953-இல் ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளர், அத்தீவுக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று சிங்கப்பூருக்கு எழுதிய பதில் அது. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அந்தச் சில வரிகள் ஒரு நாட்டின் எல்லையைத் தீர்மானித்தன. அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளே, நீங்கள் தட்டச்சு செய்யும் எந்தக் கடிதத்தையும் சிறிது என்று நினைக்காதீர்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த ஐந்தாம் நாள், மே 28 அன்று, கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் ஆர்க்டிக் கரையோர நாடுகள் ஐந்தும் கூடி, தங்கள் சச்சரவுகளைக் கடல் சட்டத்தின்படியே தீர்ப்போம் என்று அறிவித்தன. நம் வாசலில் நடந்த வழக்கைப் படித்தவருக்குத் துருவத்து வழக்கு அந்நியமாக இராது. மலேசியப் பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை, கோபத்தை ஒதுக்கிவைத்து, முழுவதும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

5. கை வேலை தெரிந்தவர்களும் வாருங்கள்.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த 'இண்டார்க்' என்ற அளவிக் கருவித்தொகுதியை, 2014 ஜூலையில் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள கோங்ஸ் ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். வெயிலில் வேர்த்துக்கொண்டு செய்த கருவி உறைகடலின் அடியில் வேலை செய்தது. சிங்கப்பூரின் கெப்பல் தளம் 2008-இல் ரஷ்ய எண்ணெய் நிறுவனத்துக்குப் பனி உடைக்கும் கப்பல் கட்டிக் கொடுத்தது. கப்பலில் போக விரும்புகிறவர்கள் மலாக்காவில் உள்ள மலேசியக் கடல்சார் கழகத்தை விசாரியுங்கள். 2017 முதல் துருவக் கடலில் ஓடும் கப்பல்களுக்குத் தனி விதித்தொகுப்பு இருக்கிறது. அங்கே ஓட்டும் அதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். பனியில் கப்பல் ஓட்டிய கேப்டன் ஒருவர் கரையேறிச் சொல்லும் ஆலோசனையை எந்த அமைச்சும் தள்ளாது.

அதே கோங்ஸ் ஃபியோர்டு ஓரத்தில்தான் நீ-ஓலசுன் ஊர் இருக்கிறது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008-இல் திறக்கப்பட்ட இடம். முன்பு அது நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-இல் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 21 தொழிலாளிகள் இறந்தார்கள். விசாரணை அறிக்கையின் மேல் எழுந்த புயலில் மறு வருஷம் நோர்வே அரசாங்கமே கவிழ்ந்தது. துருவத் தொழில் பற்றி ஆலோசனை சொல்ல வருகிறவருக்கு இந்தக் கதை தெரியாவிட்டால், அவர் பாதிதான் படித்திருக்கிறார்.

6. மலேசியாவில் வாசல் தென் துருவத்தின் பக்கம் இருக்கிறது.

ஆர்க்டிக் மன்றத்தில் இந்தியாவும் சிங்கப்பூரும் 2013-இல் பார்வையாளர்களாயின. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. நம் நாட்டின் துருவ வரலாறு 1982-இல் அன்றைய பிரதமர் மகாதீர் ஐநா சபையில் அண்டார்டிகாவைப் பற்றி எழுப்பிய கேள்வியில் தொடங்குகிறது. அவர் படித்தது வைத்தியம். கேள்வியைத் தொடர்ந்து சுமந்தவர்கள் தூதர்கள்; 1990-களின் இறுதியிலிருந்து பாசியும் நுண்ணுயிரும் வானிலையும் படிக்கும் விஞ்ஞானிகள் பிற நாட்டு நிலையங்களில் இடம் வாங்கிப் போய் வந்தார்கள். 2011-இல் மலேசியா அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இருபத்தொன்பது ஆண்டுகள். அவசரக்காரர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் துருவ ஆய்வு செய்யும் பேராசிரியர்களிடம் போய்க் கேளுங்கள். கேட்பவர்களைத்தான் அவர்களும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

7. அந்த மண்ணில் பிறந்தவருடைய சொல்லைக் கடைசியில் வைக்காதீர்கள்.

ஆர்க்டிக் மன்றத்தில் எட்டு நாடுகளோடு, பூர்வகுடி அமைப்புகள் ஆறும் நிரந்தரப் பங்கேற்பாளர்களாக ஒரே மேசையில் உட்காருகின்றன. பூர்வகுடிகளுக்கு இப்படி ஓர் இடம் கொடுத்த அரசுகளின் மன்றம் வேறெதையும் நான் அறியேன். 1996-இல் அது உருவானபோது கனடாவின் பக்கம் நின்று பேச்சு நடத்தியவர் மேரி சைமன், ஓர் இன்யூட் பெண். அவருடைய தொடக்க வேலை என்ன தெரியுமா? கனடா வானொலியின் வடக்குச் சேவையில் அறிவிப்பாளர். தம் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சேதி சொன்னவர், நாட்டின் முதல் துருவ விவகாரத் தூதரானார். 2021-இல் தலைமை ஆளுநரும் ஆனார். இன்யூட் மக்களின் வேட்டையும் நடமாட்டமும் பனியை நம்பியவை; அது உருகுவது மனித உரிமை மீறல் என்று 2005-இல் மனு கொடுத்த ஷீலா வாட்-குளூட்டியே சுகாதாரமும் கல்வியும் சார்ந்த வேலைகளிலிருந்து வந்தவர். இவர்கள் அறிவு எந்தப் பட்டத்திலும் அடங்காது.

இன்யூட் மக்களைப் பற்றி முதல் கட்டுரை எழுதுவதற்கு முன், பிள்ளைகளே, நம் குளுவாங் பக்கத்துக் கஹாங்குக்குப் போங்கள். அங்கிருந்து ஃபோர் வீல் வண்டி எடுத்துச் செம்பனைக் காட்டைத் தாண்டி உள்ளே போனால் எண்டாவ்-ரோம்பின் பூங்காவின் வாசலில் கம்போங் பெத்தா இருக்கிறது, ஜாகுன் மக்களின் ஊர். அந்தக் காட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது யாரிடம் ஆலோசனை கேட்கிறார்கள், அந்த ஆலோசகர்கள் முன்பு என்ன வேலை பார்த்தார்கள், ஜாகுன் பெரியவர்களை எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள். நான் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத் தருகிறேன்.